அணிலுக்குக் குரல் கொடுத்தவன்

அது ஒரு சின்ன அணில். அதற்கு எல்லாவற்றுக்கும் பயம். பல் துலக்கப் பயம், வீதியைக் கடக்கப் பயம், புது வகுப்புக்குப் போகப் பயம். ஒவ்வொன்றும் ஆறு நிமிடம் ஓடும் கார்ட்டூன் படங்கள். ஜேர்மனியில், கொலோன் நகரில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக்கூடத்தில் அவற்றைப் பல மொழிகளில் செய்து பாலர் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் கொடுத்தார்கள். துருக்கி மொழியில் அந்த அணிலுக்கு ஒரு பெண் பேசினார். அரபு மொழியில் ஒரு பல்கலைக்கழக மாணவர். தமிழில் பேசியது நான். எசன் நகரில் பார்சல் பிரிக்கும் இடத்தில் வேலை செய்கிற, ஐம்பது வயது தாண்டிய, தலையில் முடி குறைந்த நான்.

என் மகளின் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் என்னைக் கண்டால், "அணில் மாமா, எப்பிடி நீங்கள் அந்தச் சத்தம் போடுறீங்கள்?" என்று கேட்பார்கள். ஒரு தடவை செய்து காட்டிவிட்டு நழுவிவிடுவேன். அந்தச் சத்தம் ஒரு வருடம் என்னைவிட்டுப் போகப் பார்த்தது என்பதை அவர்களுக்குச் சொன்னதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சினிமாவில் குணச்சித்திர நடிகர் என்று சொல்வார்கள். கதாநாயகனின் மாமா, கடைக்காரர், டொக்டர் என்று வந்துபோகிறவர்கள். இங்கே எங்கள் ஆட்கள் போடும் மண்டப நாடகங்களில் அப்படிப்பட்டவர்களுக்கு அழைப்பிதழில் கடைசி வரியில்தான் இடம். முக்கியமானவர்களின் பெயர்கள் எல்லாம் முடிந்தபின் "மற்றும் பலர்" என்று இருக்கும். இருபது வருடத்துக்கு மேல் நான்தான் அந்த "மற்றும் பலர்". கலியாணத் தரகர், தபால்காரன், பொலிஸ்காரன், இரண்டு முறை பிணம். ஒரு நாடகத்தில் பாதிரியாராக வந்து கலியாணம் செய்துவைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் மீசையை ஒட்டிக்கொண்டு வந்து அதே கலியாணத்தைக் குழப்பினேன். அங்கியைக் கழற்ற நேரம் போதாமல் உள்ளே மடித்துக் கட்டியிருந்தேன். சண்டைக் காட்சியில் அது அவிழ்ந்து விழுந்தது. அன்றைக்குக் கிடைத்த கைதட்டல் கதாநாயகனுக்குக்கூடக் கிடைக்கவில்லை.

எங்களுக்கு ஒரு நாடக அண்ணை இருந்தார். எழுதுவதும் பழக்குவதும் திட்டுவதும் அவர்தான். மண்டபக் கூரையிலிருந்து மூன்று மைக் தொங்கும். "கோவம் வந்தாலும் மைக்குக்குக் கீழ போய்க் கோவப்படு. சாகிறதெண்டாலும் மைக்குக்குக் கீழ போய்ச் சா" என்பார். சனம் சிரிக்கும் இடத்தில் பேசாமல் நிற்க வேண்டும். சிரிப்பு முடிந்தபிறகுதான் அடுத்த வசனம். இந்த இரண்டும்தான் நான் படித்த நடிப்பு.

ஒருமுறை கிளிச் சாத்திரக்காரனாக நடித்தேன். கிளிக்கும் நானே, சனத்துக்கு வாய் தெரியாமல் பின்திரைப் பக்கம் திரும்பிக் கத்தினேன். அதைப் பார்க்கப் பான் நகரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். மதுரைப் பக்கத்துப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். நாடகம் முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணா, அந்தக் கிளி நீங்கதானா? செம! கொலோன்ல ஒரு கார்ட்டூன் புராஜெக்ட். தமிழ் ஸ்கிரிப்ட் நான்தான் எழுதுறேன். வாய்ஸ் டெஸ்டுக்கு வர்றீங்களா?"

"எனக்கு ஜேர்மன் அவ்வளவு வராது, தங்கச்சி."

"அணிலுக்கும் வராதுண்ணா. தமிழ்லதான் பேசப்போகுது."

அப்படித்தான் போனேன். தடித்த கதவுள்ள சிறிய அறை. முன்னால் ஒரு திரை, ஒரு மைக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நெறியாளர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஜேர்மன் பெண்மணி. அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. காதை மட்டும் வைத்துக்கொண்டு நல்லது கெட்டதைச் சொல்வார். பானிலிருந்து வந்த தங்கச்சி பக்கத்தில் இருந்து, சொல் சரியா என்று பார்ப்பார்.

காதில் மூன்று முறை 'பீப்' கேட்கும். நாலாவது கேட்காது, அது கேட்க வேண்டிய இடத்தில் நாங்கள் வாய் திறக்க வேண்டும். முதல் நாள் என் மேலங்கி சரசரத்தது. கழற்றினேன். பொக்கற்றில் வீட்டுத் திறப்புக் கோர்வை கிலுங்கியது. வெளியே வைத்தேன். பயத்தில் காலையில் சாப்பிடாமல் போயிருந்தேன். வயிறு உறுமியது, அதையும் மைக் பிடித்தது. வாழைப்பழம் தந்து உட்கார வைத்தார்கள். கடைசியில் பேசத் தொடங்கினால், திரையில் அணிலின் வாய் அசைகிறது, நான் பேசாமல் நிற்கிறேன்.

"யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?" என்று நெறியாளர் கேட்டார்.

"சனம் சிரிச்சு முடியட்டும் எண்டு" என்று தங்கச்சியிடம் சொன்னேன். அவர் அதை ஜேர்மனில் சொன்னார். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பேரும் சிரித்துத் தீர இரண்டு நிமிடம் பிடித்தது. பிறகு நெறியாளர் சொன்னார்: "பிள்ளைகள் வீட்டில் சிரிப்பார்கள். அணில் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்களும் ஓடுங்கள்."

அந்த அணிலின் குரல் மிக உயரம். அதை எடுக்க நான் குதிக்காலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பேன். நாடியை மேலே தூக்கி, தோளை இறுக்கி, மூச்சைச் சின்னதாக எடுத்தால் குரல் வரும். பன்னிரண்டு படம் முடித்தோம். இன்னும் எட்டுப் படம் இருந்தது. வேலை முடிந்து கார் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து பழகுவேன். ஒருநாள் எங்கள் மேற்பார்வையாளர் கண்ணாடியில் தட்டி, உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று கேட்டார்.

அந்த நேரத்தில்தான் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. சவரம் செய்யும்போது நானே கண்டேன். தைரொயிட் சுரப்பியில் கட்டி, கெட்டதாக இருக்க வாய்ப்புக் குறைவு, ஆனால் எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். அறுவைச் சிகிச்சை செய்யப்போகும் டொக்டரைச் சந்திக்க டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், கிடைத்தது. மனைவிக்கு வேலை. பள்ளி விடுமுறை என்பதால் மகள் என்னோடு வந்தாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

டொக்டர் பொறுமையானவர். ஒவ்வொன்றாகக் கேட்டுப் படிவத்தில் எழுதினார். இரத்த அழுத்தம் உண்டா? என்ன மருந்து எடுக்கிறீர்கள்? பிறகு கேட்டார்: "குரல் உங்களுக்குத் தொழிலுக்குத் தேவையா? ஆசிரியர், பாடகர், அப்படி ஏதாவது?"

"இல்லை" என்றேன். "பார்சல் பிரிக்கிற வேலை."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து வைத்தேன். வெளியே வந்து மின்தூக்கிக்குக் காத்து நின்றபோது அவள் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஏன் அணிலைச் சொல்லேல்லை?"

"அது டொக்டருக்கு ஏனம்மா?"

"அவர் கேட்டவர்தானே!"

"கேட்டவர். நான் செய்யிற வேலையைச் சொன்னன்."

"அணிலும் நீங்கள் செய்யிற வேலைதான். பொய் சொன்னீங்கள்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

பிள்ளைகளே, இதை உங்களுக்கு விளக்க வேண்டும். நாங்கள் இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்த காலத்தில், எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னார்கள்: அகதி விண்ணப்பம் கொடுக்கும் கந்தோரில் முதல் நாள் என்ன சொன்னாயோ அதையே கடைசிவரை சொல். ஒன்று கூட்டாதே, ஒன்று குறைக்காதே. ஒரு சொல் மாறினால் உன் கோப்பு முடிந்தது. பத்து வருடம் அப்படியே வாழ்ந்தோம். விசா கிடைத்தது, பிறகு கடவுச்சீட்டும் கிடைத்தது. ஆனால் கை பழகிவிட்டது. படிவத்தைக் கண்டால் எது குறைவோ அதையே எழுதும். அணில் வேலைக்கு முறையான ஒப்பந்தம் இருந்தது, வரியும் கட்டினோம், ஒளிக்க ஒன்றுமே இல்லை. இருந்தும் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பேனையோடு கேட்டதும், "பார்சல் பிரிக்கிற வேலை" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மகள் தாயிடம் சொல்லிவிட்டாள். மனைவி கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"முப்பது வருசமா இந்த ஆளுக்குப் பேப்பரைக் கண்டால் காய்ச்சல்" என்றாள் மகளிடம். என்னிடம், "தொண்டையை வெட்டப் போறவரிட்டையே ஒளிப்பு மறைப்பு. அவர் எங்க கவனமா வெட்டவேணும் எண்டு ஆர் சொல்லுறது? நானோ?"

"இனிப் போய் மாத்திச் சொன்னால் என்ன நினைப்பார்?"

"விசர் எண்டு நினைப்பார். நினைக்கட்டும். நாளைக்குப் போங்கோ."

மறுநாள் போனோம், நானும் மகளும். டெர்மின் இல்லாமல் டொக்டரைப் பார்க்க ஏலாது என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னார். ஒரு நிமிட விசயம் என்று மகள் சொன்னாள். ஒரு நிமிடத்துக்கும் டெர்மின் வேண்டும் என்றார் அவர். ஓரமாக நின்றோம். முக்கால் மணி நேரம் கழித்து டொக்டர் கோப்பிக் கோப்பையோடு ஒரு அறையிலிருந்து வெளியே வந்தார். என்னை அடையாளம் கண்டு நின்றார்.

வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கிய ஜேர்மன் வசனங்கள் எல்லாம் அந்த நேரத்தில் எங்கேயோ போய்விட்டன. "டொக்டர், நேற்று ஒன்று பிழையாகச் சொன்னேன்" என்றேன். "நான் ஒரு அணில்."

அவர் கோப்பையை வாயிலிருந்து இறக்கினார். "எப்போதிலிருந்து?" என்று மிகவும் அமைதியாகக் கேட்டார்.

மகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். பிறகு மூடிய கைக்குள்ளிருந்தே எல்லாவற்றையும் விளக்கினாள். கார்ட்டூன், கொலோன், இன்னும் எட்டுப் படம், அப்பாவுக்குப் படிவம் என்றால் பயம். கடைசியாகச் சொன்னதை அவள் சொல்லியிருக்கத் தேவையில்லை.

"செய்து காட்டுங்கள்" என்றார் டொக்டர்.

"இங்கேயோ?"

"எனக்குக் கேட்க வேண்டும்."

நான் நுனிக்காலில் நின்றேன். புது வகுப்புக் கதவுக்கு முன்னால் அணில் பேசும் வசனத்தைச் சொன்னேன்: "ஐயையோ, உள்ளே எத்தனை காலடிச் சத்தம்!" அந்த நீள நடைக்கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். ஊன்றுகோலோடு இருந்த ஒரு ஜேர்மன் மூதாட்டி கைதட்டினார். டெர்மின் கேட்ட பெண் மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

டொக்டர் சிரிக்கவில்லை. எங்களைத் தன் அறைக்குள் கூட்டிப்போய், ஒரு தாளில் தொண்டையின் படம் கீறினார். சுரப்பிக்குப் பின்னால் ஓடும் நரம்பு ஒன்று. பேசுவதற்கு அதுதான் முக்கியம், எல்லோருக்கும் அதைக் கவனமாகப் பார்த்துத்தான் வெட்டுவோம் என்றார். பிறகு மேல் நுனியில் மயிர்போல ஒரு கோடு போட்டார். "இது மிகவும் மெல்லியது. உயரக் குரலுக்கு இது வேண்டும். உங்கள் அணில் இங்கேதான் இருக்கிறது. உறுதி தர முடியாது. ஆனால் இப்போது எனக்கு அது தெரியும்." குரலை முன்கூட்டியே பரிசோதித்துப் பதிவு செய்துவைக்க வேறொரு இடத்துக்கு அனுப்பினார். அறுவைச் சிகிச்சையை இரண்டு கிழமை பின்போட்டார்.

வெளியே வந்ததும் மகள் சொன்னாள்: "அப்பா, இனி நான் உங்களோட ஒரு இடமும் வரமாட்டன். 'நான் ஒரு அணில்' எண்டு ஆரும் சொல்லுவினமோ?"

"நீதான் அணிலைச் சொல்லச் சொன்னாய்."

"இப்பிடிச் சொல்லச் சொல்லேல்லை!"

அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது. கட்டியும் நல்ல கட்டிதான். ஆனால் கண் விழித்து மனைவியைக் கூப்பிட வாய் திறந்தபோது காற்றுத்தான் வந்தது. வீங்கியிருக்கும், நாளாகும் என்றார்கள். அதிகம் பேசக் கூடாது, குசுகுசுக்கவும் கூடாது, குசுகுசுப்பது இன்னும் கெடுதல் என்று தாளில் எழுதித் தந்துவிட்டார்கள்.

ஜேர்மன் ஆள் ஒருவருக்கு இது சுகமான வேலையாக இருக்கலாம். எங்கள் வீட்டில் எப்படி நடக்கும்? சுகம் விசாரித்து வருத்தம் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கையில் அப்பிள், முந்திரிகைப் பழம், மால்ட் மாத் தகரப் பேணி. மகள் கதவில் ஒரு தாள் ஒட்டினாள்: "அப்பா கதைக்கக் கூடாது. கேள்வி கேட்க வேண்டாம்." வந்தவர்கள் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு உள்ளே வந்து, "என்ன, கதைக்க ஏலாதோ?" என்று என்னிடமே கேட்டார்கள். தலையாட்டினால், "அப்ப நோகுதோ? சாப்பாடு இறங்குதோ? டொக்டர் ஆர், இளம் ஆளோ?" என்று தொடரும். ஒருவர் தேனும் மிளகும் என்றார். இன்னொருவர் மிளகைத் தொடவே கூடாது என்றார். இரண்டு பேரும் என் கட்டிலின் இரண்டு பக்கமும் இருந்து சண்டை பிடித்தார்கள்.

ரொறன்ரோவிலிருந்து என் அக்கா தொலைபேசியில் வந்தார். "ஒரு சொல்லுச் சொல்லச் சொல்லு பிள்ளை, ஆள் உயிரோட இருக்குதெண்டு நான் நம்பவேணும்" என்றார் என் மனைவியிடம். நான் கரண்டியால் கோப்பையில் இரண்டு தட்டுத் தட்டினேன். "ஓம், அவன்தான்" என்றார் அக்கா. "சின்னனிலயும் பசிச்சால் இப்பிடித்தான் தட்டுவான்."

நாடக அண்ணையும் வந்தார். "கவலைப்படாதை. வாற தையில ஒரு ஊமை வேசம் எழுதிறன். வசனம் மறந்துபோச்செண்டு நீ எனக்குச் சாட்டுச் சொல்ல ஏலாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் போகும்போது என் தோளைக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினார்.

மூன்றாம் கிழமை பேச்சு வந்தது. கரகரப்பாக, ஆனால் வந்தது. பார்சல் வேலைக்கு அது போதும். அணிலுக்குப் போதாது. கிழமைக்கு இரண்டு நாள் குரல் பயிற்சிக்குப் போனேன். அங்கே ஒரு இளம் பெண், தண்ணீர்ப் போத்தலுக்குள் ஒரு ரப்பர்க் குழாயை விட்டு, அதற்குள் "ஊ" என்று ஊதச் சொன்னார். குபுகுபு என்று குமிழி வரும். வீட்டிலும் செய்ய வேண்டும். என் மகனுக்கு அப்போது ஆறு வயது. அவன் தன் கோப்பையும் ஸ்ட்ரோவும் கொண்டுவந்து எனக்கு முன்னால் இருப்பான். மேசை நனையும். மனைவி ஏசுவாள். மீண்டும் ஊதுவோம்.

குமிழியோடு குரலை மெல்ல மேலே ஏற்றிக்கொண்டு போனால் ஒரு இடத்தில் அறுந்துவிடும். எங்கள் வேலையிடத்தில் பார்சல் ஏறும் பட்டை சில நாளில் நடுவில் நின்றுவிடும்; மேலே இடம் தெரியும், பெட்டி ஏறாது. அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் அதே இடம்.

பானிலிருந்து தங்கச்சி தொலைபேசி எடுத்தார். "அண்ணா, எப்படி இருக்கீங்க? அவசரமே இல்ல. ஆனா... மீதி எட்டையும் இந்த வருஷம் முடிக்கணும். வேற வாய்ஸ் பார்க்கலாமான்னு ஸ்டூடியோல கேட்டாங்க. இலையுதிர்கால விடுமுறை வரைக்கும் வெயிட் பண்ணலாம்னு நான் சொல்லியிருக்கேன்."

"நீங்கள் வேற ஆளைப் பாருங்கோ தங்கச்சி, குறை நினைக்கமாட்டன்" என்றேன். வாய் சொன்னது அது. தொலைபேசியை வைத்ததும் நான் போய்க் குழாயைத் தேடினேன்.

பயிற்சிப் பெண்ணிடம் விசயத்தைச் சொன்னேன். இந்த முறை கேட்காமலே சொன்னேன். அவர் பழைய படம் ஒன்றைத் தன் கணினியில் போட்டுப் பார்த்தார். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நீங்கள் இதைக் கழுத்தால் நெரித்துச் செய்திருக்கிறீர்கள்" என்றார். "அணிலின் பயம் உயரத்தில் இல்லை. மூச்சில் இருக்கிறது. கேளுங்கள், ஒரு சொல்லுக்கு இரண்டு மூச்சு எடுக்கிறது. குதிக்காலைக் கீழே வையுங்கள். மூச்சை மட்டும் அணிலாக்குங்கள்."

ஆறு கிழமை அதைச் செய்தேன். காருக்குள், குளியலறையில், படிக்கட்டில். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மகனின் இறைச்சித் துண்டைப் பார்த்து, "ஐயையோ, இது என்னைப் பார்க்குதே" என்று அந்த மூச்சில் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். மகள் சிரிக்கவில்லை. சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "திரும்பச் சொல்லுங்கோ" என்றாள். சொன்னேன். "பழைய அணில் இல்லை. ஆனால் அணில்தான்" என்றாள்.

விடுமுறை முதற் கிழமை கொலோனுக்குப் போனேன். இனி எங்கேயும் வரமாட்டேன் என்றவள் தானாகவே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தாள். அறைக்குள் நான், கண்ணாடிக்கு வெளியே மூன்று பெண்கள்: நெறியாளர், தங்கச்சி, என் மகள். கழுத்தில் வெட்டின தழும்பு உடுப்புக்கு மேலால் தெரிந்தது. மூன்று பீப்.

முதல் வரி உடைந்தது. வெறும் காற்று.

நெறியாளர் ஒன்றும் எழுதவில்லை. "இன்னொரு தரம்" என்றார். இரண்டாவது தரம் பழக்கத்தில் நுனிக்காலில் ஏறிவிட்டேன், நடுவில் அறுந்தது. "இன்னொரு தரம்." அவர் "நன்றி, போதும்" என்று சொல்லியிருக்கலாம். வேறு தமிழ்க் குரலைத் தேடியிருக்கலாம். நான் குதிக்காலைத் தரையில் ஊன்றினேன். திரையில் அணில் நீச்சல் குளத்தின் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைவிட எனக்குத்தான் பயம் என்று நினைத்தேன். அந்தப் பயத்தையே மூச்சில் விட்டேன்.

வரி முடிந்தது.

"அண்ணா" என்றது தங்கச்சியின் குரல் காதில். "அணிலுக்கு ஒரு வயசு கூடிடுச்சுண்ணா."

"கூடாதோ?"

அவர் நெறியாளரிடம் ஏதோ கேட்டார். நெறியாளர் மைக் பொத்தானை அழுத்தி நேரே என்னிடம் பேசினார். "இந்த எட்டுப் படத்தில் அது பெரிய பள்ளிக்குப் போகிறது, நீந்தப் பழகுகிறது. ஒரு வயது கூடட்டும். இந்தக் குரலோடு போகலாம். வீரிட்டுக் கத்தும் இடங்களைப் பழைய பதிவிலிருந்து எடுத்து ஒட்டுவோம். நீங்கள் கத்த வேண்டாம்."

மகள் கண்ணாடியில் மூக்கு முட்ட நின்றுகொண்டு இரண்டு பெருவிரலையும் தூக்கிக் காட்டினாள்.

அன்று இருபத்தியொரு வரி பதிந்தோம். மூன்று வரியில் குரல் உடைந்தது. அந்த மூன்றையும் மறு செவ்வாய்க்கிழமை வந்து பேசும்படி நெறியாளர் சொன்னார். நான் வேலையிடத்தில் நேர மாற்றம் கேட்டேன். ஏன் என்று மேற்பார்வையாளர் கேட்டார். அணிலுக்கு நீச்சல் வகுப்பு மிச்சம் இருக்கிறது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமையை மாற்றித் தந்தார்.